அண்ணி கால் வைக்காத பட்டறை

என் அண்ணியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. இன்று இதைப் புகழ்ச்சியாகத்தான் சொல்கிறேன். நடுவில் கொஞ்ச காலம் இதே வார்த்தையைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதும் உண்டு.

நான் படகு பழுதுபார்க்கிறவன். ஆறு கடலில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், கரையை ஒட்டி என் பட்டறை. தகரக் கூரை, தண்ணீருக்குள் இறங்கும் ஒரு சிமெண்ட் சரிவு, அந்தச் சரிவில் படகை இழுத்து ஏற்ற ஒரு வின்ச், எந்நேரமும் பெயின்ட் வாசனை. கூரை என்னுடையது. கூரைக்குக் கீழே இருக்கும் மண் மாநகராட்சியுடையது. எங்கள் ஊரில் கரையோர நிலத்தை யாருக்கும் விற்பதில்லை, வருஷக் கணக்கில் குத்தகைக்கு விடுவார்கள். எடுத்தவன் கட்டிக்கொள்ளலாம், தொழில் செய்யலாம், பிழைத்துக்கொள்ளலாம். காலம் முடிந்தால் நிலத்தையும் அதன் மேல் கட்டியதையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தக் குத்தகைகளை எழுதும் அலுவலகத்தில்தான் அண்ணிக்கு வேலை. இதைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு எண்ணம் வந்திருக்கும். ஊரில் எல்லோருக்கும் வந்ததுதான். "உனக்கென்னப்பா, அண்ணியே ஆபீஸ்ல இருக்காங்க" என்று கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. உண்மை என்னவென்றால், என் பெயருக்குக் குத்தகை கிடைத்த நாளிலிருந்து அண்ணி என் பட்டறைக்குள் கால் வைக்கவே இல்லை. நான் விண்ணப்பம் போட்ட அன்றே, இவன் என் கொழுந்தன், இவன் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன் என்று மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. நான் செப்பனிட்ட முதல் படகைத் தண்ணீரில் இறக்கிய நாள் சொந்தபந்தம் எல்லாம் உள்ளே நிற்க, அண்ணி மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம் விளக்குக் கம்பத்தடியில் நின்றார்.

"உள்ள வாங்க அண்ணி" என்று நான் போய்க் கூப்பிட்டேன்.

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது தம்பி."

"அட, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்களேன்."

"வீட்டுல நான் உன் அண்ணி. அந்த கேட்டுக்குள்ள வந்தா நிலம் குடுத்த ஆபீஸ். நான் எப்படி ரெண்டு பேரா வர்றது?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நானும் கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாமல், அண்ணன் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, மூன்று வேளையும் அவர்கள் வீட்டிலேயே சாப்பிடுகிறவன். காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது அண்ணிதான். அப்படிப்பட்டவர் என் வாசலுக்கு எதிரே நின்று உள்ளே வரமாட்டேன் என்றால் வலிக்குமா வலிக்காதா?

அண்ணி அந்த அலுவலகத்தில் டைப்பிஸ்டாக நுழைந்தவர். மற்றவர்கள் எழுதிய குத்தகை நிபந்தனைகளைத் தட்டித் தட்டியே அவற்றில் எங்கெங்கே ஓட்டை என்று தெரிந்துகொண்டார். பிறகு துறைத் தேர்வு எழுதினார். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார், ஆனால் நன்றாகச் சமைப்பார். அண்ணி படித்த நாட்களில் அடுப்படி அண்ணன் கைக்குப் போனது. இன்றுவரை திரும்பி வரவில்லை. சாப்பிடுகிற எங்களுக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை.

அதிகாரியான பிறகு அண்ணி எழுதிய முதல் குத்தகை ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு. வரைபடத்தில் அந்த மனை வெறும் வெள்ளையாக இருந்தது. அண்ணி அந்த வெள்ளைக்கு நாலு பக்கமும் கோடு போட்டு, முப்பது வருஷத்துக்குக் கொடுத்துவிட்டார். கிடங்குக்காரர் வேலி போட்டார். எல்லாம் முறைப்படி நடந்தது.

கொஞ்ச நாள் கழித்து அக்கரை ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கப் போவதற்காக அண்ணி படகுத்துறைக்குப் போயிருக்கிறார். முன்னால் ஒரு அம்மா, கையில் சாப்பாட்டுக் கூடையோடு, மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்திருக்கிறார். அந்த வெள்ளை மனையின் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை இருந்திருக்கிறது. நர்சுகள், கூலிக்காரர்கள், நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் அதில்தான் துறைக்குப் போவார்களாம். வேலி வந்தது, பாதை போனது. ஒருவர்கூட அலுவலகத்தில் வந்து புகார் சொல்லவில்லை. வேலி போட்டவன் இடம்தானே என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த அம்மா மட்டும் வாய்விட்டுத் திட்டியிருக்கிறார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணி அதை எங்களிடம் சொன்னார். "'எந்தப் புண்ணியவான் இங்க வேலி போட்டானோ, அவன் கால் விளங்காமப் போக'ன்னு சொன்னாங்க. அந்தப் புண்ணியவான் நான்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் என்னை முறைத்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குப் புரிந்தது. குத்தகையைத் திரும்ப வாங்க முடியாது. அந்த வேலி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மறுநாள் அண்ணி கடைக்குப் போய் ஒரு மடக்கு நாற்காலி வாங்கினார்.

அதற்குப் பிறகு எந்த மனையைக் குத்தகைக்கு விடுவதாக இருந்தாலும், முதலில் அண்ணி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உட்காருவார். ஒரு நாள் காலையில், ஒரு நாள் மதியத்தில், ஒரு நாள் சாயங்காலத்தில். ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். யார் வருகிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள், எங்கே நின்று தண்ணீரைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அலுவலகத்தில் அவருக்கு "மடக்கு நாற்காலி" என்று பெயர் வைத்தார்கள். மேலதிகாரி ஒரு நாள் கேட்டேவிட்டாராம்.

"ஏம்மா, நிலம் எங்கயாவது ஓடிடுமா? இப்படிக் காவல் காக்குறீங்க?"

"நிலம் ஓடாது சார். வர்றவங்கதான் வேலியைப் பாத்தா ஓடிடுவாங்க."

மரக்கிடங்கு மனையில் அப்படி உட்கார்ந்தபோது, ஒரு மூலையில் தினமும் சிலர் தூண்டில் போடுவதைப் பார்த்திருக்கிறார். அந்த மூலையை விட்டுவிட வேண்டும், அதோடு அங்கே முழங்கை ஊன்றி நிற்கிற உயரத்தில் ஒரு கைப்பிடிச் சுவரும் கட்டிக் கொடுக்க வேண்டும் என்று குத்தகையில் எழுதினார். மரக்கிடங்குக்காரர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "மீன் பிடிக்கிறவன் முழங்கைக்கு நான் செலவு பண்ணணுமா?" என்று என்னிடமே வந்து கத்தினார், நான் என்னவோ தலைமை அதிகாரி போல. ஆனால் கட்டினார். ஆற்றங்கரையில் மனை வேண்டும் என்றால் கட்டித்தானே ஆகவேண்டும்? இன்றைக்கு அந்தப் பக்கம் போனால், சாயங்காலத்தில் அந்தச் சுவரில் முழங்கை வைக்க உங்களுக்கு இடம் கிடைக்காது. மரக்கிடங்குக்காரரே அங்கே நின்று தூண்டில் போடுகிறார்.

அண்ணியையே ஏமாற்றியது ஒரு ஹோட்டல்தான். ஹோட்டலுக்குக் கொடுத்த மனையில் தண்ணீரை ஒட்டி ஒரு பொதுப்பாதை விட வேண்டும் என்று நிபந்தனை. அவர்களும் விட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, வழுவழுவென்று கல் பதித்து, பூத்தொட்டி வைத்து, அழகாக விட்டார்கள். கூடவே முனையில் ஒரு கேட், கேட்டில் தொப்பி போட்ட ஒரு காவலாளி. கேட் திறந்தேதான் இருக்கும். வருகிறவர்களைப் பார்த்து அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "யாரைப் பார்க்கணும்?" கேள்வியைக் கேட்டதும் ஜனங்கள் "இல்லைங்க, சும்மா" என்று திரும்பிப் போய்விடுவார்கள்.

அண்ணி நாற்காலியோடு போய் அந்தப் பாதையில் உட்கார்ந்தார். காவலாளி ஓடிவந்தார்.

"மேடம், இங்க உக்காரக் கூடாது."

"ஏன்பா?"

"இது ஹோட்டல் இடம்."

"இல்லப்பா, ஊர் இடம். ஹோட்டலுக்கு வாடகைக்கு விட்டிருக்கு. இந்தப் பாதையை வாடகைக்குக்கூட விடலை."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. நான்தான் எழுதினேன்."

பாவம், அந்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லையாம். அவர் மேல் அண்ணிக்குக் கோபம் இல்லை. தன் மேல்தான் கோபம். பாதை விடு என்று எழுதினோம், கேள்வி கேட்காதே என்று எழுதவில்லையே என்று ஒரு வாரம் புலம்பினார். பிறகு ஹோட்டல்காரர்கள் மிதவை மேடை கட்ட அனுமதி கேட்டு வந்தபோது, கேட்டைக் கழற்றினால்தான் அனுமதி என்று நின்றார். அதற்கப்புறம் எழுதின ஒவ்வொரு குத்தகையிலும் ஒரு வரி சேர்ந்துகொண்டது. பாதையின் வாசலில் நின்று யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. அலுவலக வக்கீல், சட்டத்தில் இப்படி ஒரு வாக்கியமே கிடையாது என்றாராம். "இல்லைன்னா என்ன சார், இன்னிக்கு எழுதிக்குவோம்" என்றாராம் அண்ணி. இதையெல்லாம் அவர் வீட்டில் சொல்லும்போது நானும் அண்ணனும் கைதட்டாத குறைதான். அதெல்லாம் அடுத்தவன் இடத்துக்குச் சம்பந்தப்பட்டதாக இருந்தவரை.

எனக்கு வினை வந்தது என் குத்தகை முடியும் வருஷத்தில். பாலத்திலிருந்து கழிமுகம் வரை கரை முழுவதையும் சீர்படுத்துவது, தண்ணீரை ஒட்டி அறுபடாமல் ஒரு பாதை போடுவது என்று மாநகராட்சி முடிவு செய்தது. திட்டத்தை எழுதியது அண்ணி. அதன்படி பாதை என் சரிவின் தலைமேலேயே போகும். எனக்கு வேலியும் கேட்டும் உண்டு, வேலையிடத்தில் ஊர் ஜனம் உலாத்தினால் எப்படி என்று எனக்கு எரிச்சல். பட்டறைக்குப் பின்னால் சாலையோரமாகப் போகட்டுமே என்று சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "அறுபட்டா அது பாதை இல்லை தம்பி" என்றதோடு சரி.

அதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. மீதியிருக்கிற மனைகளை எல்லாம் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், சீர்படுத்துவதையும் எங்கள் செலவில் செய்கிறோம் என்று அந்த ஹோட்டல் கம்பெனி விண்ணப்பம் போட்டது. என் மனையும் அதில் அடக்கம். கலர் படம் ஒன்று வரைந்து மாநகராட்சி வாசலில் மாட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். என் பட்டறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய குடை, குடைக்கடியில் ஒரு பெண், அவள் காலடியில் ஒரு நாய். நாய்க்கு இடம் இருந்தது, எனக்கு இல்லை.

பட்டறையை வேறு எங்கும் தூக்கிக்கொண்டு போகமுடியாது. எங்கள் ஆற்றில் படகை ஏற்றுவதற்கு வாகான சரிவு அது ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் சேறு அல்லது செங்குத்துச் சுவர். குத்தகை போனால் நானும் என்னோடு இருக்கிற ஆட்களும் தெருவில். எனக்கு வேறு தொழிலும் தெரியாது, கற்றுக்கொள்கிற வயசும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணியின் முன்னால் நின்றேன்.

"அந்த ஒரு மனையை மட்டும் நான் பாக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன் தம்பி" என்றார் அண்ணி, நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. "வேற அதிகாரி பாப்பாரு."

"ஊர்ல யார் யார் முழங்கைக்கெல்லாமோ எழுதினீங்க. எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?"

"உனக்கு ஒரு வரி நான் எழுதினா, அதைக் காட்டியே உன்னையும் தூக்கிருவாங்க, இத்தனை நாள் நான் எழுதினதையும் தூக்கிருவாங்க. கொழுந்தனுக்கு எழுதினவதானேன்னு ஒரே வார்த்தை போதும்."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அன்று சாப்பிடாமல் மாடிக்குப் போனேன். அதற்குப் பிறகு சாப்பிட வந்தாலும் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் என் தட்டில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டார்.

வேற அதிகாரி என்று வந்தவர் மார்க்கெட் பிரிவிலிருந்து மாறி வந்தவர். தடித்த கண்ணாடி, முதுகுவலி, அதிகம் சிரிக்காத முகம். அதற்குள் நாற்காலியில் உட்காருவது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் கட்டாயமாகியிருந்தது. காவல் காக்கிறீர்களா என்று கேட்ட அதே மேலதிகாரிதான் அப்படி உத்தரவு போட்டாராம். கண்ணாடிக்காரரும் என் பட்டறையில் மூன்று வேளை உட்கார வேண்டும்.

நான் விழுந்து விழுந்து தயாரானேன். பட்டறையைக் கழுவினேன், கேட்டுக்குப் பெயின்ட் அடித்தேன். அந்த கேட்டில் கொண்டி உடைந்து வெகு காலமாகிறது. சாத்தினாலும் சாத்தாது. அந்தச் சந்தில் யாராவது நுழைந்துகொண்டே இருப்பார்கள். அக்கரை ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடிந்து வரும் நர்ஸ் ஒருவர் தன் சாப்பாட்டை என் சரிவோரம் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் வின்சை எப்படி ஓட்ட வேண்டும் என்று எனக்கே பாடம் எடுப்பார். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள். படகை இழுப்பதற்கு முன்னால் நாங்கள் மணி அடிப்போம், கயிறு அறுந்தால் அடிபடக் கூடாது, எல்லோரும் தள்ளிப்போங்கள் என்று சொல்வதற்காக. ஜனங்களோ மணிச் சத்தம் கேட்டால்தான் ஓடி வருவார்கள்! இந்தத் தொல்லையெல்லாம் அதிகாரியின் கண்ணில் படக் கூடாது என்று புதுக் கொண்டி போட்டு கேட்டைப் பூட்டினேன். மணியின் நாக்கில் துணியைச் சுற்றிக் கட்டினேன். வந்தவர்களை எல்லாம் "போங்க போங்க, இன்னிக்கு யாரும் வரக் கூடாது" என்று விரட்டினேன். நர்ஸ் அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரர் உட்கார ஏதாவது வேண்டும் என்று கேட்டார். நாற்காலி என்றாலே எனக்கு அப்போது வயிற்றெரிச்சல். காலிப் பெயின்ட் டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டேன். அதிலேயே உட்கார்ந்தார். ஒரு காலை, மறுநாள் மதியம். மிச்சம் ஒரு சாயங்காலம்.

அன்று இரவு சாப்பிடும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனிடம் பேசுவது போல அண்ணிக்குக் கேட்கச் சொன்னேன். "ரெண்டு வேளை உக்காந்து பாத்துட்டாரு. ஒரு ஈ காக்கா உள்ள வரலையே! பட்டறையா ஆஸ்பத்திரியான்னு ஆகிப்போச்சு, அவ்வளவு சுத்தம்."

அண்ணியின் கை தட்டிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அடுப்படியில் பாத்திரங்கள் அடிவாங்குகிற சத்தம் கேட்டது. அந்தப் பாத்திரங்கள் எல்லாம் ஏற்கெனவே கழுவி வைத்தவை.

"டேய் மடையா" என்றார் அண்ணன்.

"என்னண்ணே?"

"இத்தனை வருஷமா அவ நாற்காலியைத் தூக்கிட்டுப் போறதைப் பாக்குற. இடம் சுத்தமா இருக்கான்னு பாக்கவா போறா? யாரு வர்றாங்கன்னு பாக்கத்தானே போறா? யாருமே வராத இடத்தைப் பிடுங்கி ஹோட்டல்காரனுக்குக் குடுத்தா யாருக்குடா நஷ்டம்?"

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன்.

"என்னங்க, அங்க என்ன பேச்சு?" என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல்.

"பஸ்சைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

"அவன்கிட்ட வேற எதையாவது பேசினீங்க..."

"நான் மாநகராட்சி ஆளில்லம்மா. பஸ் ஓட்டுறவன். என் ஆபீஸ் வேற." சொல்லிவிட்டு அண்ணன் என் பக்கம் குனிந்தார். "அதுக்காக ஆளுங்களைக் கூப்பிட்டு வந்து நிறுத்திடாதே. அது திருட்டுத்தனம். கேட்டைத் திற, மணியை அவுத்துவிடு, உன் வேலையைப் பாரு. அவ்வளவுதான்."

கடைசிச் சாயங்காலம் கண்ணாடிக்காரர் டிரம்மில் வந்து உட்காருவதற்கு முன்பே, புதுக் கொண்டியைக் கழற்றி எறிந்தேன். மணியிலிருந்து துணியை அவிழ்த்தேன். கேட் தன் பழைய சந்தோடு நின்றது. யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? முகத்தில் அடித்த மாதிரி விரட்டியிருக்கிறேன், அவர்களுக்கும் மானம் ரோஷம் இருக்காதா? பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தன. கண்ணாடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனை முறை இவர்களை எல்லாம் தொல்லை என்று திட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவராவது வரமாட்டாரா என்று அன்று நான் பார்த்த மாதிரி வாழ்க்கையில் யாருக்காகவும் வழி பார்த்ததில்லை.

ஓதம் ஏறி ஆற்றில் தண்ணீர் உயர்ந்தது. ஒரு பழைய மீன்பிடிப் படகை அன்றைக்கு ஏற்றியே ஆகவேண்டும், அடிப்பலகை ஊறிப்போய்க் கிடந்தது. ஆட்கள் கயிற்றை மாட்டினார்கள். நான் மணியை அடித்தேன்.

முதலில் அந்தச் சந்தில் ஒரு டப்பா தெரிந்தது. பிறகு நர்ஸ் அம்மா. உள்ளே வராமல் நின்றார்.

"வரலாமா? நேத்து துரத்தினீங்களே."

"வாங்கம்மா, வாங்க. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

பிறகு பிள்ளைகள், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள், படகுத்துறையிலிருந்து இரண்டு கூலிக்காரர்கள், மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள். லாரி டிரைவர் தூரத்திலிருந்தே "வின்சை மெதுவா விடு, மெதுவா! இவனுக்கு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்திக்கொண்டு வந்தார். கூட்டத்தில் யாரோ கண்ணாடிக்காரரின் தோளைத் தட்டி, "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மறைக்குது" என்றார்கள். அவர் டிரம்மைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார். அங்கேயும் மறைத்தது. கடைசியில் எழுந்து நின்றுகொண்டார். படகு தண்ணீர் சொட்டச் சொட்ட மெல்ல மேலேறி வந்து நின்றபோது, அவ்வளவு பேரும் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார்கள். அவரும் விட்டார். நான் பார்த்தேன்.

"தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"தினமும்தான் சார். நான்தான் ரெண்டு நாளா கேட்டைப் பூட்டி வச்சேன்."

"ஏன்?"

"நீங்க வர்றீங்கன்னு சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதன்முதலாகச் சிரித்தார். டிரம்மைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மாநகராட்சிக் கூட்டத்தில் கரைத் திட்டம் முழுவதையும் அண்ணிதான் எடுத்துச் சொன்னார். எந்த மனை யாருக்கு, யார் எந்த இடத்தில் படி கட்ட வேண்டும், எங்கே பெஞ்சு, பெஞ்சு தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டுமா சாலையைப் பார்த்து இருக்க வேண்டுமா என்பதுவரை. கம்பெனி ஆட்கள் எதிர்த்துப் பேசப் பேச, குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார். அவர் மேல் கோபமாக இருந்த நான்கூட, இவர் என் அண்ணி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டேன். என் மனையின் முறை வந்தது. அண்ணி காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். கதவு மூடியது. கண்ணாடிக்காரர் எழுந்தார்.

பட்டறை இருக்கலாம் என்றார் அவர். அந்தக் கரையில் ஜனங்கள் தாங்களாகவே கூடுகிற இடம் அது ஒன்றுதான், அதை எடுத்துவிட்டுக் குடை நடுவதில் அர்த்தமில்லை என்றார். ஆனால் வேலியை எடுக்க வேண்டும், பாதை சரிவின் மேலாகவே போக வேண்டும், அதைப் பட்டறைக்காரன் தன் செலவில் போட வேண்டும், படகை இழுக்கும்போது மட்டும் சங்கிலி கட்டி நிறுத்திக்கொள்ளலாம். சத்தம், தூசி என்று கம்பெனிக்காரர்கள் ஏதேதோ சொன்னார்கள். பிறகு மாநகராட்சி உறுப்பினர்களைக் கைகளை உயர்த்தச் சொன்னார்கள். எனக்குச் சாதகமாகத்தான் அதிகக் கைகள் உயர்ந்தன. எந்தப் பாதையை நான் வேண்டாம் வேண்டாம் என்றேனோ, அதுதான் என்னைக் காப்பாற்றியது.

வெளியே ஓடினேன். அண்ணி நடைக்கூடத்துச் சன்னலோரம் நின்றிருந்தார்.

"அண்ணி..."

"சொல்லாதே. நாளைக்கு ஆபீசுக்குத் தீர்மானத்தோட நகல் வரும். படிச்சுக்கிறேன்."

அப்படிச் சொன்னவரின் கண்கள் நிறைந்திருந்தன. என் முகத்திலிருந்தே படித்துவிட்டார். அண்ணி கதவைத் திறந்துகொண்டு அடுத்த மனையைப் பற்றிப் பேச உள்ளே போனார்.

வேலியை என் கையாலேயே பிடுங்கினேன். சரிவின் மேல், தேவைப்பட்டால் கழற்றி மாட்டுகிற மாதிரி பலகைப் பாதை போட்டேன். படகுக்குப் போடுகிற பலகையையே போட்டேன், மட்டமானது போட மனசு வரவில்லை. ஒரு நாள் பாலத்துப் பக்கத்துப் பாதையும் கழிமுகத்துப் பக்கத்துப் பாதையும் என் பலகையில் வந்து சேர்ந்தன. பாதை திறந்துகொண்டது.

அன்று சாயங்காலம் படகு ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தோம். மணி அடித்து, சங்கிலி கட்டி, இருபுறமும் ஜனங்கள் நின்றார்கள். படகு மேலேறி நின்றதும் சங்கிலியை அவிழ்க்கப் போனேன். கூட்டத்தில் அண்ணி நின்றிருந்தார். தோளில் அலுவலகப் பை, கையில் மடக்கு நாற்காலி. எல்லோரையும் போலச் சங்கிலிக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தார்.

சங்கிலியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். யாரோ "அண்ணே, சங்கிலி" என்றார்கள். அவிழ்த்தேன். அண்ணி பலகையின் மேல் கால் வைத்தார்.

"அண்ணி..."

"என்ன தம்பி அப்படிப் பாக்குற? பொதுப்பாதைதானே? யாரு வேணா வரலாம்ல?"

கூரையை அண்ணாந்து பார்த்தார். சரிவைப் பார்த்தார். பாதையை விட்டு இறங்காமல் கழுத்தை நீட்டி வின்சைப் பார்த்தார். "இதுதானா அது? இவ்வளவு பெரிசா இருக்கு! நீ சொல்றதைக் கேட்டு நான் சின்னதா நினைச்சு வச்சிருந்தேன்." இத்தனை வருஷம் தினமும் சாப்பிடும்போது நான் சொன்னதை வைத்தே என் பட்டறையை அவர் மனசுக்குள் கட்டி வைத்திருந்திருக்கிறார்.

பலகையின் ஓரத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்.

"டீ சொல்லட்டுமா அண்ணி?"

"டீயெல்லாம் வேண்டாம். ரிட்டையர் ஆக இன்னும் நாள் இருக்கு."

அதற்குள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆள் ஒருவர், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், பக்கத்தில் வந்து கேட்டார். "யாரைப் பார்க்கணும்மா?"

"யோவ், யாரையும் எதுவும் கேக்கக் கூடாதுய்யா, குத்தகையிலயே இருக்கு!" என்று நான் கத்தினேன். அண்ணி சிரித்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரையும் பாக்க வரலப்பா. சும்மா வந்தேன்."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வின்சில் ஏதோ வேலை இருப்பது போல அதன் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். அண்ணி வெளிச்சம் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.